தொண்ணூறு நொடி நிம்மதி

நாமக்கல் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, லாரி உதிரிபாகக் கடையின் மாடியில் மோனிஷாவின் அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகையில் 'முதல் வரி' என்று மட்டும் எழுதியிருந்தாள். என்ன தொழில் என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமும் வந்ததில்லை. முட்டை அட்டை செய்கிறவர், லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர், பரமத்தி ரோட்டுப் பல் டாக்டர் என்று அவள் கைபட்டவர்கள் எல்லாருமே 'தெளிவு' சொல்லும் முதல் பதிலாகியிருந்தார்கள்.

தெளிவு என்ற அந்தப் பேசும் தேடுபொறியிடம் எதைக் கேட்டாலும் அது ஒரே ஒரு பதிலைத்தான் வாய்விட்டுச் சொல்லும். மற்ற வலைத்தளங்கள் எல்லாம் திரையில் கீழே பட்டியலாகக் கிடக்கும். அங்கே இறங்கிப் பார்ப்பவர்கள் ஆயிரத்தில் பத்துப் பேர்கூட இல்லை. அந்த ஒரே பதிலின் இடத்தில் ஒரு கடையை ஏற்றி உட்கார வைப்பதுதான் மோனிஷாவின் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள சேலத்திலும் ஆள் இல்லை, ஈரோட்டிலும் ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால் சுவரில் விளம்பரத் தொழில் சங்கம் கொடுத்த ஒரு சான்றிதழ் தொங்கியது. சென்ற ஆண்டு மாநிலத்திலேயே அதிக நிம்மதி தந்த ஒற்றை வாக்கியம் அவளுடையது என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்க்கட்டும் என்றே நாற்காலியை அதற்கு நேராகப் போட்டிருந்தாள்.

அந்த நாற்காலியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுகந்தி வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். செருப்பில் செம்மண், கையில் வெயில் பட்டுக் கறுத்த நரம்புகள். சான்றிதழை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நெலத்தடித் தண்ணி பாக்கறவளுங்க நானு. கம்பி நட்டு, கரண்டு விட்டு, பாறைக்குள்ள என்ன இருக்குதுன்னு அளந்து சொல்லுவேன். பதினெட்டு வருசம். இப்ப வெச்சிருக்கற மெஷின் நூத்துக்குத் தொண்ணூத்தேழு தடவ சரியாச் சொல்லும். நாலு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் தண்ணின்னு யாரு தேடுனாலும் எங்க வெப்சைட்டுதாங்க மொதல்ல வரும். இப்ப எங்க கெடக்குதுன்னே தெரியல."

மோனிஷா திரையைத் திருப்பி, சுகந்தியின் தளத்தைத் திறந்து, அதன் கீழே ஓடிய எண்களைப் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது.

"உங்க பக்கத்தப் படிக்கறவங்களுக்கு நெஞ்சு படபடங்குதுங்க."

"இல்லைன்னு சொன்னாப் படபடங்கத்தான் செய்யும். அதுக்கென்ன?"

"எல்லாரு கையிலயும் பட்டை இருக்குதுல்லங்க, அதுக்கு எல்லாந் தெரியும். ஒருத்தரு கேள்வி கேட்டு, பதிலக் கேட்டு, தொண்ணூறு செகண்டுக்குள்ள நாடி எறங்குனா அது நல்ல பதில். பட்டை ஓரத்துல பச்ச எரியும். ஏறுனா செவப்பு, கெட்ட பதில். இதுக்குத்தான் நிம்மதிப் புள்ளின்னு பேரு. அந்தப் புள்ளி எதுக்கு அதிகமோ அதத்தான் தெளிவு மொதல்ல சொல்லும்."

"தொண்ணூறு செகண்டுக்கு அப்பறம்?"

"அப்பறம் அதுக்கு வேற ஆளு, வேற கேள்வி."

சுகந்தி சிரித்தார். "ஆயிரத்து எரநூறு அடிக்குப் போர் ஓட்ட ஒரு பகல் ஆகுமுங்க. வெறும் புழுதிதான் வருதுங்கறது பொழுது எறங்கறப்பத்தான் தெரியும். அத யாரு அளக்கறா?"

மோனிஷா எண்களுக்குத் திரும்பினாள். சுகந்தி கேட்டார், "இப்ப மொதல்ல வர்றது யாரு?"

"கங்கைக்கண் நீர்க்கணிப்புன்னு ஒரு கம்பெனிங்க."

இதைச் சொல்ல அவள் திரையைப் பார்க்கத் தேவையில்லை. சுவரில் தொங்கிய வாக்கியமே கங்கைக்கண்ணுக்கு அவள் எழுதிக் கொடுத்ததுதான். நாற்பது வாக்கியங்களை எழுதி, நூறு பேர் காதில் போட்டுப் பார்த்து, எது நாடியை வேகமாக இறக்குகிறது என்று அளந்து தேர்ந்தெடுத்தது. 'இருக்குது கண்ணு. இன்னுங் கொஞ்சம் கீழ இருக்குது.' தெளிவு அதை ஒரு கனத்த, நிதானமான ஆண் குரலில் சொல்லும். கேட்ட நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேருக்குப் பச்சை எரிந்தது.

அதைச் சுகந்தியிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "எங்கிட்ட வந்து மேல வராத ஆளு கெடையாதுங்க. நீங்களும் வருவீங்க," என்றாள்.

முதல் மூன்று வாரம் அவள் தலைகீழாக நின்று பார்த்தும் எதுவும் நடக்கவில்லை. தளத்தை வேகமாகத் திறக்கும்படி செய்தாள். மக்கள் கேட்கிற சொற்களையே தலைப்புகளாக்கினாள். கிணறு, போர், நீரோட்டம், ஊற்றுக்கண் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் போட்டாள். வருகிறவர்கள் வந்தார்கள், வந்த வேகத்தில் பட்டை சிவக்க ஓடினார்கள். பிறகு கட்டண விளம்பரத்தில் இறங்கினாள். அங்கேயும் அதே கதைதான். நிம்மதி தருகிற விளம்பரத்தைத் தெளிவு மலிவாக ஓட்டும். படபடப்பு தருகிற விளம்பரத்துக்குப் பதினோரு மடங்கு கேட்கும். 'தண்ணீர் இல்லையென்றால் இல்லை என்று சொல்வோம்' என்று சுகந்தி ஆசைப்பட்டு எழுதித் தந்த விளம்பரம் திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்கி, டீ ஆறுவதற்குள் பணம் தீர்ந்து நின்றுபோனது.

"ஒரே ஒரு வார்த்தைய மாத்தலாங்க," என்றாள் மோனிஷா. "'இல்லை'ங்கற எடத்துல 'இப்போதைக்கு இல்லை'ன்னு போடலாம். நான் அளந்து பாத்துட்டேன், செவப்பு பாதியாக் கொறையுது."

"இப்போதைக்குன்னு போட்டா அடுத்த மாசம் போர் வண்டியக் கூப்பிடுவாங்க. முடியாதுங்க."

"பொய்யில்லையே அது?"

சுகந்தி எழுந்துவிட்டார். "நாளைக்குச் சேந்தமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அளக்கப் போறேன். நீங்களும் வாங்க. அங்க வந்து அந்த வார்த்தைய வாயில சொல்லிப் பாருங்க. சொல்ல முடிஞ்சுதுன்னா அப்படியே போட்டுக்கலாம்."

பதினைந்து வருடத் தொழிலில் மோனிஷா எந்த வாடிக்கையாளரின் இடத்துக்கும் போனதில்லை. எண்கள் போதும் என்பது அவள் கட்சி. ஆனால் ஒரு கிழட்டு ஜீப்பில் கம்பிச் சுருளோடு வந்து நின்று ஹாரன் அடிக்கிற பெண்ணிடம் வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தோட்டக்காரர் பெயர் நல்லுசாமி. ஐந்து ஏக்கர் நிலம். உள்ளே நுழைந்ததும் மோனிஷா கண்ணில் பட்டவை ஏழு சிமெண்ட் மூடிகள். வரப்போரம் ஒன்று, தென்னைகள் நின்று பட்டுப்போன இடத்தில் இரண்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று என்று திசைக்கொன்றாய்க் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆயிரம் அடிக்குக் குறையாத வெறும் குழி.

சுகந்தி இரும்புக் கம்பிகளை நட்டு, வயரை இழுத்துக்கொண்டு நடந்தார். நல்லுசாமி மோனிஷாவுக்குக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பேசினார். நன்றாகப் பேசுகிற மனிதர்.

"ஒவ்வொரு தடவையும் பொய்த்துப்போனா மனசு உட்டுப்போகுமுங்க. இனிப் போதும்னு நெனப்பேன். அப்பறம் தெளிவுகிட்ட ஒரு தடவ கேப்பேன். அது சொல்லுமுங்க, 'இருக்குது கண்ணு, இன்னுங் கொஞ்சம் கீழ இருக்குது'ன்னு. என்னமோ பெரியப்பன் முதுகுல கை வெச்ச மாதிரிங்க. அப்படியே நெஞ்சு எறங்கிரும். இத யாரு எழுதுனாங்களோ, அவங்க வாய்க்குச் சக்கரைதான் போடோணும்."

மோனிஷாவுக்கு முதலில் வந்தது பெருமிதம்தான். அதை அவள் பின்னால் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. தன் வாக்கியம் ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல், பாசத்தோடு வருவதைக் கேட்கிறபோது உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் கையில் இருந்த மோர் கனத்தது. சுற்றிலும் கிடந்த மூடிகளை மறுபடி எண்ணினாள். ஏழு.

நல்லுசாமியின் மனைவி சரசுவதி மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தார். மோனிஷா சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மிணி, நீங்க கம்ப்யூட்டர் ஆளுன்னு சொன்னாங்க. ஒன்னு கேக்கட்டுங்களா? நானும் ஒருநா தெளிவுகிட்டக் கேட்டனுங்க. எங்கூட்டுக்காரரு மறுக்காவும் போர் போடாம நிறுத்தறதுக்கு என்ன வழின்னு. அதும் 'இருக்குது கண்ணு'ன்னே சொல்லுச்சு. எனக்குப் பட்டை செவந்து துடிச்சுப்போச்சு. ஏனுங்க, என்ற நெஞ்சு படபடங்கறது அதுக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் கேள்வியில் மோனிஷா நின்றுவிட்டாள். தெரியும். தெளிவுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பைப் பச்சையாக்குகிற பதிலை யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லை. எழுதினால் வாங்குவார் யாருமில்லை என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள், அவள் உட்பட.

அப்போது சுகந்தி கடைசிக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். காகிதத்தை நல்லுசாமியிடம் நீட்டினார். "இல்லைங்க. எட்டாவது போருக்குப் பாத்த எடத்துலயும் இல்லை. ரெண்டாயிரம் அடி போனாலும் முழுப்பாறைதான். இந்த அஞ்சு ஏக்கர்ல எங்கயும் கெடையாது."

நல்லுசாமியின் பட்டை சிவந்தது. அவர் காகிதத்தை வாங்காமலே வரப்பில் இறங்கிப் போய்விட்டார். சரசுவதி அதை வாங்கிக்கொண்டு அப்படியே மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்தார். ஒரு பெரிய மூச்சு விட்டார். மோனிஷா அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையின் ஓரம் மெல்ல, தயங்கித் தயங்கிப் பச்சையானது.

"அப்பாடா," என்றார் சரசுவதி. "யாராச்சும் ஒருத்தரு சொல்லிப்போட்டாங்க."

அலுவலகத்துக்கு வந்ததும் மோனிஷா, தெளிவு தன்னைப் போன்றவர்களுக்குத் தருகிற கேள்விப் பட்டியலைத் திறந்து, தண்ணீர் என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு விதமாகத் தேடினாள். வந்து குவிந்தன. 'எத்தனாவது போரோட நிறுத்தணும்.' 'வீட்டுக்காரர் திரும்பவும் வண்டி கூப்பிடுறார்.' 'அப்பா பேச்சைக் கேக்க மாட்டேங்கிறார்.' 'தண்ணி இல்லாத காட்டுல என்ன வைக்கலாம்.' நாமக்கல், சேலம், தர்மபுரி மூன்று மாவட்டத்தில் மட்டும் மாதத்துக்கு முப்பதாயிரம் கேள்விகள். பெரும்பாலும் பெண்கள். எல்லாமே சிவப்பில் முடிந்தவை. ஒரு பகுதி ஓடுகிற வண்டிகளிலிருந்து வந்திருந்தது; நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம் என்று அதை அவள் பொருட்படுத்தவில்லை. இந்தச் சொற்களுக்கு விளம்பர ஏலத்தில் ஒருவரும் கை தூக்கியிருக்கவில்லை. விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

மறுநாளே சுகந்தியைக் கூப்பிட்டாள்.

"உங்க 'இல்லை'ய நான் தொடப்போறதில்லைங்க. அது அப்படியே இருக்கட்டும். அது யாரு காதுல போய் விழோணுங்கறதத்தான் மாத்தப் போறேன். இத்தன நாளா போர் போடறவருக்குச் சொல்லிக்கிட்டு இருந்தோம். கூட நின்னு பாத்துக்கிட்டு இருக்கறவங்களுக்குச் சொல்லுவோம்."

சுகந்தி, "பொய் ஒன்னும் இல்லையே?" என்றார்.

"ஒரு எழுத்துக்கூட இல்லைங்க."

பக்கத்தை அடியோடு மாற்றி எழுதினாள். தலைப்பில் தண்ணீரும் இல்லை, ஊற்றும் இல்லை. 'போதும் என்று அளந்து சொல்ல ஒருவர் வேண்டுமா?' என்று தொடங்கினாள். எப்படி அளக்கிறார்கள், ஆய்வுத்தாளை எப்படிப் படிப்பது, வண்டி வந்த பிறகும் எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றையும் வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதினாள். நிலத்தில் தண்ணீர் இல்லையென்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று சுகந்தியைச் சொல்லவிட்டுப் பாதிப் பக்கம் சேர்த்தாள். ஒரு வாக்கியத்தையும் நூறு பேர் காதில் போட்டு அளக்கவில்லை. சரசுவதிக்குப் படித்துக் காட்டினாள். அவர் "சரிங்க அம்மிணி" என்றதும் ஏற்றிவிட்டாள்.

முதல் வாரம் நானூறு பேர் வந்தார்கள், முந்நூற்று எழுபது பச்சை. மூன்றாவது வாரம் அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் தெளிவு சுகந்தியின் பெயரையே வாய்விட்டுச் சொன்னது. அதற்கப்புறம் நடந்ததை மோனிஷாகூட எதிர்பார்க்கவில்லை. தெளிவு ஒரு வீட்டுக்கு ஒரே நினைவைத்தான் வைத்திருக்கும். வீட்டில் ஒருவருக்கு எந்தப் பதில் நிம்மதி தந்ததோ, அதையே அடுத்தவருக்கும் சொல்லிப் பார்க்கும். அதனால் மனைவி கேட்ட வீடுகளில் கணவன் வந்து 'தண்ணி இருக்குமா' என்று கேட்டபோதும் கனத்த ஆண் குரல் போய், 'முதலில் அளந்து பாருங்கள்' என்ற பதில் வந்தது. சுகந்தியின் ஜீப் ஓய்ச்சல் இல்லாமல் ஓடியது. அவர் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக் கம்பி நடக் கற்றுக்கொடுத்தார்.

ஒருநாள் கங்கைக்கண் முதலாளி தனசேகரன் தொலைபேசியில் வந்தார்.

"மோனிஷாம்மா, நாமக்கல் பக்கம் நமக்குக் கூப்பிடறவங்க பாதியாக் கொறஞ்சு போச்சு. யாரோ கை வெச்சிருக்காங்க. கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

"நாந்தாங்க கை வெச்சது."

தனசேகரன் குரல் உயர்ந்தது. "எங்க வாக்கியத்துக்குத்தான உங்களுக்குச் சர்டிபிகேட் குடுத்தாங்க? அந்த மரியாத வேண்டாமா?"

"இப்பவும் அது உங்களுதுதாங்க. நல்லா எழுதுன வாக்கியந்தான். அதோட பலம் என்னன்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"சங்கத்துல சொல்லி உங்க பேரையே எடுத்துப்போடுவேன்."

"எடுத்துக்குங்க," என்றாள். போனை வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த வேலையை எடுத்தாள்.

அந்த வாரமே சரசுவதி சுகந்தியைக் கூப்பிட்டார். தெளிவு பேச்சை மாற்றிக்கொண்டதில் கோபம் வந்து, நல்லுசாமி பழைய நம்பரைத் தேடி எடுத்து நேராகக் கங்கைக்கண்ணுக்கே பேசிவிட்டாராம். எட்டாவது குழிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்து தோட்டத்தில் நிற்கிறதாம்.

சுகந்தியோடு மோனிஷாவும் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னாள்.

"அந்த 'இருக்குது கண்ணு' நான் எழுதுனதுங்க. மொத நாளே சொல்லியிருக்கோணும்."

சுகந்தி சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். இரண்டு கோழிப்பண்ணைகள் கடந்தன.

"எத்தன குழிக்கு அது காரணம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்குந் தெரியாது. ஒருத்தருக்குந் தெரியாது." இன்னொரு பண்ணை கடந்தது. "எங்கிட்டச் சொல்றது பெருசில்லைங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

தோட்டத்தில் வண்டி நின்றிருந்தது. லாரி நீளத்துக்குப் படுத்திருந்த அதன் துளைக்கிற கம்பம் இன்னும் நிமிரவில்லை. வடக்கிலிருந்து வந்த வேலையாட்கள் ஐந்து பேர் டயர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை ஓட்டி வந்த லோகநாதன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமுடி, புருவம், காதோரம் என்று எங்கும் வெள்ளையாகப் பாறைத்தூள். அவர் முன்னால் நல்லுசாமி கத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க, வந்து கேளுங்க இந்த ஞாயத்த! வண்டி வந்து ஒரு மணி நேரமாச்சு. கம்பத்தத் தூக்க மாட்டீங்கறாரு!"

சுகந்திக்கே புரியவில்லை. "நீங்க யாரு சொல்லி நிறுத்துனீங்க?" என்று லோகநாதனைக் கேட்டார்.

"யாருஞ் சொல்லலைங்க. நான் வந்ததுமே தண்ணி அளந்த தாளு இருக்குதான்னு கேட்டேன். இந்தம்மா உள்ள போயி எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. இல்லைன்னு போட்டிருக்குது. அப்பறம் எப்படிங்க எறக்கறது?"

"தாளப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மோனிஷா.

லோகநாதன் முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஒம்பது வருசமா இந்த வண்டி ஓட்டறனுங்க. புழுதி வந்துக்கிட்டே இருக்கும். வீட்ல எல்லாரும் வந்து சுத்தி நின்னுக்குவாங்க. இன்னும் ஒரு ராடு எறக்குங்க, இன்னும் ஒரு ராடும்பாங்க. கடைசில நாந்தான மெஷின ஆஃப் பண்ணோணும்? அந்த நேரத்துல அவங்க மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. போன மாசம் வண்டில வர்றப்ப தெளிவுகிட்டக் கேட்டேன், புழுதி வந்தா வீட்டுக்காரங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு. தண்ணி அளக்கற அம்மா ஒருத்தங்க பக்கத்தச் சொல்லுச்சு. எறக்கறதுக்கு முன்னாடியே தாளக் கேளுங்கன்னு அதுல இருந்துச்சு. எனக்குத் தோணவே இல்ல பாருங்க, முன்னாடியே கேக்கலாம்னு. இப்ப எங்க ஸ்டாண்டுல இருபத்தேழு வண்டி, தாளு பாக்காம கம்பத்தத் தூக்கறதில்ல. ஓனருங்க சத்தம் போடறாங்க. போட்டுட்டுப் போறாங்க."

ஓடுகிற வண்டிகளிலிருந்து வந்த கேள்விகள் எவருடையவை என்று மோனிஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவற்றை அவள் எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. அவர்களுக்கென்று ஒரு வரியும் எழுதவில்லை.

நல்லுசாமி அடங்கவில்லை. "இவங்க எல்லாரும் ஒன்னு சேந்துட்டாங்க! எனக்குத் தெரியும், கீழ இருக்குது. அது சொல்லுச்சு எனக்கு!"

"அது சொல்லலைங்க," என்றாள் மோனிஷா. "நாந்தான் சொன்னேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்த வாக்கியம் நான் எழுதுனதுங்க. நாமக்கல்ல ஏசி ரூம்புல உக்காந்துக்கிட்டு எழுதுனேன். உங்க காட்டையும் பாக்கல, யாரு காட்டையும் பாக்கல. எதச் சொன்னா நெஞ்சு எறங்குமோ அத எழுதுனேன். கீழ என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

நல்லுசாமி அவளை நோக்கி நடந்து வந்தார். கத்துவார் என்று நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்க, சொல்லுங்க பாக்கலாம். ஒரு தடவ."

அவள் சொன்னாள். "இருக்குது கண்ணு. இன்னுங் கொஞ்சம் கீழ இருக்குது."

அந்தக் குரலும் இல்லை, அந்த நிதானமும் இல்லை. ஒரு பெண்ணின் வறண்ட குரல். இருந்தும் நல்லுசாமியின் மணிக்கட்டில் சிவப்பு மங்கி, பச்சை எரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். சரசுவதி பார்த்தார். வேலையாட்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

"தெரிஞ்சுமே எறங்குது பாருங்க," என்றார் நல்லுசாமி. அவர் குரல் உடைந்தது. "இதக் கேட்டுக்கிட்டா நான் ஏழு குழி போட்டேன்."

அங்கே இறக்கி வைத்திருந்த இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். நிமிர்ந்து சுகந்தியைக் கேட்டார். ஒரு விவசாயி இன்னொரு வேலை தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி இருந்தது அது.

"சரிங்க. கீழ இல்லை. அப்ப இந்த அஞ்சு ஏக்கர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"கீழ இல்லைன்னுதான சொன்னேன்," என்றார் சுகந்தி. "மேல இருந்து வர்றத நிறுத்தி வெக்கலாமே. தாழ்வா இருக்கற அந்த மேக்கு மூலைல ஒரு குட்டை வெட்டுங்க. வண்டல் எறங்கி அடி நல்லா இறுகியிருக்குது, தண்ணி நிக்கும். நான் அளந்துட்டேன். மழைக்குக் கொள்ளும் சோளமும் போடுங்க, குட்டை ரொம்புனா அர ஏக்கருக்குக் காய் வெக்கலாம். ரெண்டு மழக்காலம் போவோணும். கஷ்டந்தான். ஆனா அதுல பொய் இல்ல."

"அர ஏக்கரா?" என்றார் நல்லுசாமி. "அர ஏக்கர் போதுமுங்க எனக்கு. இந்தப் பக்கத்துல என்னாட்டம் கத்திரி வெக்க யாரு இருக்கறா?"

சரசுவதி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அது நெசந்தாங்க," என்று மோனிஷாவிடம் சொன்னார்.

லோகநாதன் கம்பத்தைக் கட்டியிருந்த சங்கிலியைச் சரிபார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை. வரப்புக்கும் கொட்டகைக்கும் நடுவே பின்பக்கமாகவே ரோடு வரைக்கும் எடுத்தாக வேண்டும். வேலையாட்களில் ஒருவர் வழி காட்ட இறங்கப் போனார்.

"நீங்க இருங்க," என்றார் சரசுவதி.

புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் போய் நின்றார். ஏழு முறை அந்த வண்டிகள் உள்ளே வந்தபோது மோட்டார் அறை வாசலிலேயே நின்று பார்த்திருந்தவர். இப்போது இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார்.

"வரட்டும், வரட்டும்... ரைட்ல ஒடிங்க... அவ்வளவுதான். வரட்டும்!"

இருபது டன் இரும்பு அவர் கை சொன்ன பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பின்னால் வந்தது. வரப்பில் ஒரு பிடி மண் சரியவில்லை. நல்லுசாமி குழாயிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். சுகந்தியும் மோனிஷாவும் பார்த்தார்கள். பின்சக்கரம் தார்ச்சாலையில் ஏறியதும் சரசுவதி வண்டியின் பக்கத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"போலாம்! ரைட்!"